வாடகை வீடு, சொந்தப் பொருள்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது நாம் கேட்கிற கேள்விகளுக்குக் குறைவே இல்லை. மெட்ரோ தண்ணீரா போர் தண்ணீரா, அட்வான்ஸ் எத்தனை மாதம், கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, அசைவம் சமைக்கலாமா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 'மழைக்கு இந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா?' ஆனால், அந்தத் தண்ணீர் படியேறி உள்ளே வந்துவிட்டால் நம் பொருள்களுக்கு யார் பணம் தருவார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இதை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், எது யாருடையது என்று பிரித்துக்கொள்வோம். வீட்டைக் காலி செய்கிற நாளில் குட்டி யானையில் எதையெல்லாம் ஏற்றுவோமோ, அது நம்முடையது. எதை விட்டுவிட்டுப் போகிறோமோ, அது வீட்டுக்காரருடையது. சுவர், தரை, கதவு, அவர் செய்து வைத்த சமையலறை அலமாரி எல்லாம் அவர் பக்கம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, நாம் வாங்கி மாட்டிய ஏசி எல்லாம் நம் பக்கம். வீட்டுக்காரர் காப்பீடு எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். எடுத்திருந்தாலும் அது அவருடைய கட்டடத்துக்கு; நம் ஃபிரிட்ஜ் கூடத்தில் மிதந்தால் அந்தப் பாலிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கட்டடம் நம்முடையது இல்லை என்பதால் அதன் மதிப்புக்கு நாம் பிரீமியம் கட்ட வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம். அதற்கான செலவு, தொகையையும் கம்பெனியையும் பொறுத்து, பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். விண்ணப்பத்தில் கட்டடத்தின் பரப்பளவு, கட்டுமானச் செலவு என்றெல்லாம் ஏஜென்ட் நிரப்பத் தொடங்கினால், 'நான் குடித்தனக்காரன், பொருள்களுக்கு மட்டும்' என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்து, கடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று ஒரு பொதுவான பாலிசியைக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கிற பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் இதை வைத்திருக்க வேண்டும் என்று அப்போது விதித்தது. யார் விற்றாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். விலையும் சேவையும்தான் மாறும். அதனால் விதிகளை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பத்து கம்பெனிக்கும் அது செல்லும்.

இங்கே குடித்தனக்காரர் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. 'கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொருள்களுக்குத் தானாகவே பாதுகாப்பு' என்று விளம்பரங்களில் வரும். உண்மைதான், ஆனால் அது கட்டடத்தையும் சேர்த்துக் காப்பீடு செய்கிறவருக்கு, அதாவது வீட்டுக்காரருக்கு. நமக்குத் தானாக எதுவும் கிடைக்காது. நம் பொருள்களின் மதிப்பை நாமே கணக்குப் போட்டு, நாமே சொல்ல வேண்டும்.

இனி, கிட்டத்தட்ட எல்லோருமே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயத்துக்கு வருவோம். வீட்டுக் காப்பீடு என்று பேச்செடுத்தாலே வருகிற பதில் இதுதான்: 'திருட்டுப் போனா கொடுப்பான். வெள்ளம், புயல்னா கடவுள் செயல்னு சொல்லிக் கையை விரிச்சிடுவான்.' பாரத் கிருஹ ரக்ஷாவில் நிலைமை இதற்கு நேர் எதிர். வெள்ளமும் புயலும் அதன் அடிப்படையிலேயே இருக்கின்றன. சாதாரணமாக நடக்கிற திருட்டுதான் அதில் இல்லை.

இப்படி ஏன்? இந்தப் பாலிசி பழைய தீக் காப்பீட்டின் வழியில் வந்தது. தீக்கு என்று தொடங்கி, அதோடு மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண் சரிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு பட்டியல் ஆயிற்று. கலவரம், தீவிரவாதச் செயல், வண்டி மோதுவது, மரம் விழுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து அல்லது நிரம்பி வழிவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் உள்ள ஆபத்துக்கு மட்டும் பணம் தருகிற இந்த முறை ரேஷன் அட்டையைப் போன்றது. அட்டையில் பெயர் இருக்கிறவருக்குத்தான் அரிசி; வீட்டிலேயே இருபது வருஷமாக இருந்தாலும் பெயர் ஏறாதவர் கணக்கில் வரமாட்டார். திருட்டுக்குத் தீக் காப்பீட்டில் இடம் கிடையாது. அது வழக்கமாகத் தனியாகத்தான் விற்கப்பட்டு வந்திருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பட்டியலில் உள்ள ஓர் ஆபத்து நடந்து, அதன் காரணமாகவே, ஏழு நாளுக்குள் திருட்டு நடந்தால் அதற்குப் பணம் உண்டு. திங்கட்கிழமை வெள்ளம் வந்தது, வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம், வெள்ளிக்கிழமை யாரோ ஜன்னல் வழியாக டிவியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் அது சேரும். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் சேராது. அதற்குக் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பணம் வராது என்ற நம்பிக்கை கார்களால் வலுப்பட்டிருக்கலாம். தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பினால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிப் பாழாகும். அதற்கென்று தனியாக இன்ஜின் பாதுகாப்பு வாங்காதவருக்கு அந்தச் செலவு வராது. 'வெள்ளத்துக்கு க்ளைம் கொடுக்கல' என்று அந்தக் கதை பரவினால், கேட்கிறவர் வீட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'பிரீமியம் எவ்வளவு' என்பது இல்லை. 'இதில் பூட்டை உடைத்துத் திருடுவது சேர்ந்திருக்கிறதா? வேறு என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன?' என்பதுதான்.

பட்டியலில் இருப்பவற்றிலும் சில ஓரங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல் வீட்டுக் குழாய் வெடித்து நம் கட்டில் நனைந்தால் அது உண்டு. ஆறு மாதமாகச் சுவரில் ஊறி இறங்குகிற ஈரத்தால் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தால் அது இல்லை. அது மெள்ள நடக்கிற தேய்மானம். மின்கசிவில் தீப்பிடித்துச் சோபா எரிந்தால் சோபாவுக்குப் பணம் உண்டு. ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் டிவி மட்டும் உள்ளுக்குள்ளேயே கருகிப்போனால் அந்த டிவிக்கு இல்லை. மின் கருவி தானாகப் பழுதாவதற்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதேபோல, ரொக்கம், சான்றிதழ், பத்திரம், பைக், கார் எதுவும் வீட்டுப் பொருள் கணக்கில் வராது. வண்டிக்கு வண்டியின் பாலிசிதான். நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்றவை 'மதிப்புமிக்க பொருள்கள்' என்ற தனிப் பிரிவில் வரும். அதை விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும், மதிப்பீட்டுச் சான்றிதழும் கேட்கலாம். கழுத்திலிருக்கும் சங்கிலி போக மற்ற நகைகள் பேங்க் லாக்கரில் இருந்தால், அதற்கு இங்கே செலவு செய்வதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இப்போது ஊரைச் சுற்றி வருவோம். சென்னை மாநகராட்சி 2011-இல் விரிந்தபோது 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதற்கு வெளியேயும் முடிச்சூர், பெரும்பாக்கம் என்று ஊர் நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவு பெரிய இடத்தில் எல்லாக் குடித்தனக்காரருக்கும் ஒரே ஆபத்து இருக்க முடியாது. பின்கோடை விட, எந்தத் தளத்தில் குடியிருக்கிறோம் என்பது சில சமயம் அதிகம் சொல்லும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருக்கிறோம் என்றால், நமக்கு வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை வரை புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்போது பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரசு கொடுத்த நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு வாஷிங் மெஷினுக்கே காணாது. இப்படிப்பட்ட வீட்டுக்கு அடிப்படைப் பாலிசியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். அதில் தொகையைக் குறைக்காமல் வைப்பதுதான் நம் வேலை.

அதே மழையில் முகப்பேரிலோ அண்ணா நகரிலோ மூன்றாவது மாடியில் இருக்கிறவருக்குத் தண்ணீர் லிஃப்டோடு நின்றுவிடும். ஆனால் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், பகல் முழுக்க வீடு பூட்டியே கிடந்தால் அவருக்கு வேண்டியது கொள்ளைப் பாதுகாப்பு. அதை வாங்கும்போது, பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணமா, அடையாளமே இல்லாமல் பொருள் காணாமல் போனாலும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கின்றன.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருக்கிறவருக்குக் காற்றுதான் கவலை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புயல், மரம் விழுதல் இரண்டும் பட்டியலில் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் ஃபிரிட்ஜின் அடித்தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்வது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அது திடீர் விபத்து இல்லையே.

பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தால், ஒருவர் எடுத்த பாலிசி மற்ற இருவரின் லேப்டாப்புக்கும் சேரும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பாலிசி பொதுவாக எடுத்தவரையும் அவர் குடும்பத்தையும்தான் பார்க்கும். வீட்டிலேயே நாலு தையல் மெஷின் போட்டு வேலை நடக்கிறது, புடவை வாங்கி வைத்து விற்பனை நடக்கிறது என்றால், அந்தச் சரக்கும் மெஷினும் வீட்டுப் பொருள் இல்லை. அதே 2021-இல் சிறு தொழிலுக்கென்று வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி அதற்கானது.

எது வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. இனி எவ்வளவுக்கு? 'நம்ம வீட்டுல என்ன பெரிசா இருக்கு, ஒரு லட்சம் இருக்குமா' என்பதுதான் வழக்கமான மதிப்பீடு. ஒரு சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொண்டு, இன்றைக்குக் கடையில் புதிதாக வாங்கினால் ஆகும் விலையை உத்தேசமாகப் போடுவோம். ஃபிரிட்ஜ் 30,000. வாஷிங் மெஷின் 22,000. டிவி 35,000. ஒரு ஏசி 40,000. கட்டிலும் மெத்தைகளும் 45,000. சோபா 30,000. பீரோ 18,000. அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பாத்திரங்கள் 40,000. நாலு பேரின் துணிமணி, பட்டுப்புடவைகள் உட்பட, 80,000. லேப்டாப் 60,000. கூட்டினால் 4 லட்சம். புத்தகம், ஃபேன், இன்வெர்ட்டர், பிள்ளைகளின் சைக்கிள் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

புது விலையை ஏன் போட்டோம்? பாரத் கிருஹ ரக்ஷாவில் பொருள்களின் தொகையை, அதே மாதிரிப் பொருளை மறுபடி வாங்க ஆகும் செலவை வைத்துச் சொல்ல வேண்டும். சில வேறு பாலிசிகள் பழைய பொருளின் அன்றைய மதிப்பைத்தான் தரும். எட்டு வருஷத்து ஃபிரிட்ஜுக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் தேறாது. ஆகவே வேறு பெயரில் ஒரு பாலிசியைக் காட்டினால், 'புது விலையா, தேய்மானம் கழித்தா' என்று கேட்டுவிடுவோம்.

தொகையைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? பல பழைய பாலிசிகளில் இதற்கு ஒரு தண்டனை உண்டு. 4 லட்சம் மதிப்புள்ள பொருளை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 1 லட்சத்துக்கு நஷ்டம் வந்தால், 'பாதிக்குத்தானே எடுத்தீர்கள்' என்று 50,000 மட்டும் தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. சொன்ன தொகைக்குள் இருக்கிற நஷ்டம் முழுதாக வரும். ஆனால் உச்சவரம்பு உச்சவரம்புதான்: 2 லட்சத்துக்கு எடுத்துவிட்டு 3 லட்சம் நஷ்டமானால், மீதி 1 லட்சம் நம் கையிலிருந்துதான். தரைத்தளத்தில் வெள்ளம் வந்தால் ஒரு பொருள் மட்டும் நனையாது. அங்கே தொகையில் கஞ்சத்தனம் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

பணம் கேட்கிற நாளுக்கான வேலையை இன்றைக்கே பாதி முடித்து வைக்கலாம். கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரு சுற்று வாருங்கள். பீரோ கதவைத் திறந்து காட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியையும் விடாதீர்கள். ஃபிரிட்ஜின் உட்பக்கமோ பின்பக்கமோ மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிட்டத்தில் படம் எடுங்கள், தண்ணீரில் ஊறினால் முதலில் உரிவது அதுதான். பில் இருந்தால் அதையும் படமெடுத்து எல்லாவற்றையும் மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கைபேசி தொலைந்தாலும் ஆதாரம் தொலையாது.

வெள்ளம் வடிந்ததும் நம் கை முதலில் துடைப்பத்துக்குத்தான் போகும். அதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், கிடக்கிற பொருள்களையும் கிடக்கிறபடியே படம் எடுத்துவிட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். நஷ்டத்தை மதிப்பிட அவர்கள் அனுப்புகிற ஆளுக்கு சர்வேயர் என்று பெயர். அவர் பார்க்கிறவரை எதையும் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். மெத்தை நாறி வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், படத்தோடு கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட்டு அகற்றலாம். நனைந்த ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது ஒன்று; அதில் மின்கசிவு ஏற்பட்டுக் கருகினால், போனது வெள்ளத்தாலா மின்சாரத்தாலா என்று ஒரு வாக்குவாதத்தை நாமே தொடங்கி வைத்ததாகவும் ஆகும்.

கம்பெனியின் முடிவு நியாயமாகப் படவில்லை என்றால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கும் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

குடித்தனக்காரருக்கென்றே இன்னும் ஒன்று. பாலிசி ஒரு முகவரிக்குத்தான். இந்த மாதிரிப் பாலிசிகளைப் பத்து ஆண்டு வரைக்கும்கூட எடுக்கலாம் என்றாலும், பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிற நாம் ஓராண்டுக்கு எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே போவது வசதி. இடையில் வீடு மாறினால் கேஸ் இணைப்பை மாற்றுகிற அதே வாரத்தில் கம்பெனிக்கும் எழுதி, புது முகவரியைப் பாலிசியில் ஏற்றிவிட வேண்டும். வளசரவாக்கத்து முகவரியில் எடுத்த பாலிசி, மடிப்பாக்கத்தில் நனைந்த சோபாவுக்குப் பேசாது.

எப்போது எடுப்பது என்பதற்கு விடை சுலபம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, டிவியில் வளையம் வளையமாகக் காட்டத் தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் கம்பெனிகள் தயங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால், வீட்டைச் சுற்றி வீடியோ எடுத்து, புது விலையில் பட்டியல் போட்டு, இரண்டு மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு முடித்துவிடலாம். வீட்டுத் தரகருக்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்கிற ஊர் இது. அதில் ஒரு சிறு பங்கு போதும், அந்த வீட்டுக்குள் நாம் கொண்டுவந்து வைத்த அத்தனைக்கும் ஓராண்டு பாதுகாப்பு வாங்கிவிடலாம்.